பழைய பாய்மரப் படகில் எஞ்சினும் வீல்ஹவுஸும்: செய்யலாம், ஆனால் எப்படி?

டென்மார்க்கின் கிழக்குக் கரையில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்துத் துறைமுகத்தில் மரத்தாலான பழைய ஃபோக்போட் ஒன்று ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கிறது. பாய்கள் நைந்துவிட்டன, பாய்மரத்தில் நீளமாக விரிசல். அவருக்குப் பாய் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. பாய்மரத்தைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்து, மழையிலும் குளிரிலும் நின்றபடி ஓட்ட ஒரு வீல்ஹவுஸ், அதாவது ஓட்டுநர் அறை, கட்டி, முரலும் கானாங்கெளுத்தியும் பிடிக்கப் போகலாமா? அடியில் இருக்கும் இரும்பை அறுத்து எடுத்துவிட்டால் எடை குறைந்து வேகமாகப் போகுமா? எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் வாங்கலாம்?

மாற்றலாம். இரும்பில் மட்டும் கை வைக்காதீர்கள். வேகத்தையும் மறந்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் நீங்கள் சம்மதித்தால் மீதி எல்லாம் தச்சுவேலையும் பொறுமையும்தான். சம்மதம் இல்லையென்றால் வேறு படகு பாருங்கள்.

முதலில் கையில் இருப்பது என்ன படகு என்று தெரிந்துகொள்வோம். ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுச் சங்கம் 1942-இல் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் தனி ஒரு படகு முதலிடம் பெறவில்லை. வந்த வரைபடங்களில் நல்லவற்றைச் சேர்த்துத் தோர்ட் சுந்தேன் என்ற ஸ்வீடன்காரர் வரைந்ததுதான் ஃபோக்போட். சாதாரணக் குடும்பம் வாங்கி ஓட்டக்கூடிய படகு வேண்டும் என்பதே நோக்கம். நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், நீருக்குள் இறங்கும் ஆழம் 1.20 மீட்டர். பாய்ப் பரப்பு 24 சதுர மீட்டர். மொத்த எடை சுமார் 2 டன். அதில் பாதி, அதாவது ஒரு டன், அடியில் ஏராக்கட்டையோடு (படகின் அடியில் முதுகெலும்பு போல நீளமாக ஓடும் மரம்) போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பிரும்பு. பலகைகள் ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறும்படி அடுக்கி, செம்பு ஆணி அடித்து, மறுபுறம் வளையம் போட்டு மடக்கப்பட்டவை. உள்ளே ஆவியில் வளைத்த ஓக் மர விலாச்சட்டங்கள்.

இந்த உடலின் குறுக்குவெட்டு ஒயின் கோப்பை மாதிரி இருக்கும். மேலே ஓரளவு அகலம், கீழே போகப் போகக் குறுகி, கடைசியில் இரும்பு. நிமிர்ந்து நிற்கும் பலம் பாதிக்கு மேல் அந்த இரும்பிலிருந்து வருகிறது, உடலின் அகலத்திலிருந்து அல்ல. மோட்டார் படகு இதற்கு நேரெதிர். அகலமான, தட்டையான அடிப்பாகம் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

இப்போது இரும்பை எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். நீர்மட்டத்தில் இந்தப் படகின் பரப்பு எட்டுச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் மூழ்க ஏறத்தாழ 80 கிலோ வேண்டும். ஒரு டன்னை எடுத்தால் படகு பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே எழும்பும். நீர்க்கோட்டில் அகலம் குறையும், புரொபெல்லர் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து காற்றை உறிஞ்சும், சுக்கானின் ஒரு பகுதி வெளியே நிற்கும். அதன்மேல் வீல்ஹவுஸ் என்ற எடையை உயரத்தில் ஏற்றினால் ஒருவர் விளிம்பில் கால் வைத்தாலே சாயும் படகாகிவிடும். கொஞ்சமாவது இரும்பைக் குறைக்கலாமா என்றும் கேட்பீர்கள். எஞ்சினும் டீசலும் பேட்டரியும் சேர்ந்து 180 கிலோ வரும். கழற்றிய பாய்மரம், கம்பிகள், பாய்கள், குறுக்குக் கழி எல்லாம் நூறு கிலோவுக்கு வரும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் மூழ்கல்தான். அதற்காக இரும்பை அறுக்க வேண்டியதில்லை. 1.20 மீட்டர் ஆழம் உங்கள் ஜெட்டிக்கு ஒத்துவராது என்றால் அது வேறு படகு வாங்க நல்ல காரணம், இந்தப் படகை வெட்டக் காரணம் அல்ல.

அடுத்து வேகம். நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு தானே ஒரு அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டும்போது முன்பக்கம் ஒரு முகட்டிலும் பின்பக்கம் அடுத்த முகட்டிலும் நிற்கும். அதற்கு மேல் போக முயன்றால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கிவிடும், படகு தன் அலையின் மேலேயே மலையேற வேண்டியிருக்கும். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த விஷயம் இது. கணக்கு எளிது: நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். ஃபோக்போட்டுக்கு நீர்க்கோடு 6 மீட்டர். ஆக 5.95 நாட், மணிக்குப் பதினோரு கிலோமீட்டர். எஞ்சின் பத்துக் குதிரைத்திறனா ஐம்பதா என்று இந்த எல்லை கேட்காது. ஐம்பது வைத்தால் பின்பக்கம் அமுங்கி, அணியம் என்ற முன்முனை வானத்தைப் பார்த்து, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு, அதே ஆறு, மிஞ்சினால் ஆறரை நாட்டில் டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும்.

ஐந்து நாட் வேகத்துக்கு இரண்டு டன் படகுக்கு ஐந்து குதிரைத்திறன் போதும். எதிர்க்காற்று, எதிரலை, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் இருப்பு வைத்து 10 முதல் 14 வாங்குங்கள். ஐந்து குதிரைத்திறன் எடுக்கும்போது மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு உட்பட்ட டீசல்தான் செலவாகும். 40 லிட்டர் தொட்டி ஒரு வாரம் மீன் பிடிக்கத் தாங்கும். பக்கத்து நாடான நார்வேயின் பெர்கனில் செய்யப்பட்ட பழைய சாப் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள், எட்டுப் பத்துக் குதிரைத்திறன், இன்னும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. மெதுவாகச் சுழலும், இதழின் கோணத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய புரொபெல்லர் உண்டு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் கனம் அதிகம், உதறலும் அதிகம். நான்கு வயதுக் குழந்தையைத் தூங்க வைக்க முடியாது. புதிய சிறிய இரண்டு சிலிண்டர் எஞ்சின் கியர்பாக்ஸோடு நூறு, நூற்றிருபது கிலோ வரும், அமைதியாக ஓடும். மரப் படகுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். உதறல்தான் பழைய ஆணிகளுக்கு முதல் எதிரி.

அவுட்போர்டை, அதாவது படகுக்கு வெளியே தொங்கும் மோட்டாரை, பின்னால் மாட்டினால் எல்லாம் சுலபம் என்று துறைமுகத்தில் யாராவது சொல்வார்கள். அமைதியான நீரில் சரி. அலையில் இந்தப் படகின் பின்பக்கம் மேலெழும்போது அவுட்போர்டின் புரொபெல்லர் காற்றில் சுழன்று அலறும், சரியாக உந்துதல் தேவைப்படும் நேரத்தில். பேட்டரியில் ஓடும் மின் மோட்டாரும் இந்த அளவுப் படகுக்குப் பொருந்தும். ஐந்து நாட்டில் மூன்று மணி நேரம் ஓடப் பத்துப் பன்னிரண்டு கிலோவாட்-மணி பேட்டரி வேண்டும். ஒரு மணி நேரம் போய்த் திரும்புகிறவருக்கு அது நல்ல வழி. நாள் முழுக்கத் தூண்டிலோடு அலைகிறவருக்கு அல்ல.

எஞ்சினைவிடப் புரொபெல்லர் முக்கியம், ஆனால் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மெதுவான, கனமான படகுக்குப் பெரிய விட்டம், மெதுவான சுழற்சி. 3000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு இரண்டரைக்கு ஒன்று என்று குறைக்கும் கியர்பாக்ஸ் போட்டால் தண்டு 1200 சுற்றில் சுழலும். பத்து அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) உள்ள புரொபெல்லர் அந்தச் சுற்றில், நழுவல் இல்லாவிட்டால், பத்து நாட் போகும். நிஜத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நழுவி ஐந்தரை, ஆறு நாட் வரும், அது சரியான கணக்கு. விட்டம் பதினான்கு பதினைந்து அங்குலம் கிடைத்தால் நல்லது. இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபோக்போட்டில் சுக்கான் பின்பலகையிலும் ஏராக்கட்டையின் பின்முனையிலும் தொங்குகிறது. புரொபெல்லருக்கு இடம் விட வேண்டுமென்றால் ஏராவின் மேலுள்ள மரத்திலும் சுக்கானிலும் சேர்த்து ஒரு சாளரம் வெட்ட வேண்டும். இதழின் நுனிக்கும் மரத்துக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு இதழும் மரத்தைத் தாண்டும்போது ஒரு குத்து விழும், வீல்ஹவுஸ் கண்ணாடி முதற்கொண்டு அதிரும். வெட்ட மனமில்லாதவர்கள் தண்டைச் சற்று ஓரமாக, பக்கவாட்டில் வெளியே எடுத்து ஒரு தாங்கியில் நிறுத்துவார்கள். நேராக ஓட்டச் சுக்கானைக் கொஞ்சம் ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருக்கும், பழகிவிடும். ஏராவையும் சுக்கானையும் தொடாமல் முடிவதால் நான் இந்த வழிக்குத்தான் சாய்வேன். பின்னால் யாராவது படகைத் திரும்பப் பாய்க்கு மாற்ற நினைத்தால் ஒரு துளையை அடைத்தால் போதும்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: மரத்தைப் பார்ப்பது. இலவசப் படகு இலவசமாக ஏன் கிடைக்கிறது? ஒரு ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, உடல் வளைகிற இடத்தில் விலாச்சட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடைந்திருக்கும். இரண்டு மூன்று உடைந்தால் பக்கத்தில் புதிதாக ஒன்று வைத்துச் சேர்க்கலாம். வரிசையாகப் பத்து உடைந்திருந்தால் படகை எஞ்சினுக்கு மாற்றும் பேச்சே வேண்டாம். உப்பு நீர் மரத்தை அவ்வளவாக அரிக்காது. மழைநீர்தான் அரிக்கும். ஆகவே மேல்தளத்தின் ஓரம், பின்பலகையின் மூலைகள், பாய்மரம் நின்ற இடம், இங்கெல்லாம் குத்திப் பாருங்கள்.

அப்புறம் இரும்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பைத் தின்னும். மேலே நட்டு பளபளவென்று இருக்கும், நடுவில் பென்சில் தடிமனுக்குத் தேய்ந்திருக்கும். ஒன்றையாவது உருவிப் பார்க்காமல் படகை வாங்காதீர்கள். எஞ்சின் உதறலும் அலையில் வரும் திடீர் ஆட்டமும் அந்தப் போல்ட்டுகளின் மேல்தான் விழப்போகின்றன.

உடல் ஒழுகுகிறது, அதனால் வெளியே ஃபைபர்கிளாஸ் போர்த்திவிடலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். அடுக்குப்பலகைப் படகில் அதைச் செய்யாதீர்கள். பலகைகள் ஈரத்தில் ஊறியும் காய்ந்தும் அசையும், ஃபைபர் அசையாது. சில வருஷத்தில் விளிம்புகளில் பிளந்து, உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தைக் கூழாக்கும். பல வருஷம் கரையில் கிடந்த படகு நீரில் இறக்கிய முதல் சில நாட்கள் ஒழுகத்தான் செய்யும். பலகை ஊறி விரிந்ததும் நிற்கும். கிரேன் பட்டையிலேயே தொங்கவிட்டு, பம்ப் வைத்துக்கொண்டு, காத்திருங்கள்.

எஞ்சின் உட்காரும் நீளக்கட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினின் நீளத்துக்கு மட்டும் கட்டை வைத்தால் அந்த ஓரிடத்தில் உடல் தளரும். கட்டை முடிந்த அளவு நீளமாக, குறைந்தது ஐந்தாறு குறுக்குச் சட்டங்களின் மேல் பரவி உட்கார வேண்டும், பலகையின் மேல் நேரடியாக உட்காரக் கூடாது. தண்டை நேர்ப்படுத்தும் வேலையைக் கரையில் தோராயமாகச் செய்து, படகு நீரில் இறங்கிச் சில நாள் ஊறிய பிறகு மறுபடி செய்யுங்கள். மரப் படகு நீரில் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும். கரையில் மிகச் சரியாக இருந்த இணைப்பு நீரில் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும். இணைப்புத் தட்டுகள் இரண்டின் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சுற்றிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும்.

இனிப் பலரும் எதிர்பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். பாய்மரத்தைக் கழற்றினால் படகு உறுதியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஒரு வகையில் உண்மை, எடை கீழே இறங்குகிறது. ஆனால் படகு ஆடும் விதம் மாறிவிடும். பதினோரு மீட்டர் உயரப் பாய்மரம் நாற்பது ஐம்பது கிலோதான். எனினும் அந்த எடை சுழலும் அச்சிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால், பக்கவாட்டு ஆட்டத்தை எதிர்க்கும் மந்தத்தில் ஏறக்குறையப் பாதி அதனுடையது. தூரத்தின் வர்க்கமாகக் கணக்கு போகிறது அல்லவா. அதைக் கழற்றியதும் மூன்று வினாடிக்கு ஒரு முறை நிதானமாகச் சாய்ந்து எழுந்த படகு இரண்டு வினாடியில் வெடுக் வெடுக்கென்று ஆடும். கூடவே, காற்றில் விறைத்து நின்று ஆட்டத்தைத் தணித்த பாயும் இல்லை. குடும்பத்தோடு போனால் முதல் அரை மணியில் எல்லோரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார்கள்.

இது வெறும் வசதிக்குறைவு மட்டும் அல்ல. 1979 ஆகஸ்ட்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தின் நடுவே புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அதன்பின் நடந்த ஆய்வுகள், பாய்மரம் முறிந்த படகை உடையும் அலை இன்னும் எளிதாகக் கவிழ்க்கும் என்று காட்டின. காரணம் இதே மந்தம்தான். உங்கள் ஊர்க் கடல் தீவுகளுக்குள் அடங்கியது, அட்லாண்டிக் அல்ல. இருந்தாலும் காற்று நீரோட்டத்துக்கு எதிராக வீசும் நாளில் நீரிணைகளில் குட்டையான, செங்குத்தான அலை எழும். பாய்மரம் இல்லாத ஃபோக்போட்டை அந்த நாளில் வெளியே எடுக்காதீர்கள்.

தீர்வு? வீல்ஹவுஸின் எடை அந்த மந்தத்தைத் திருப்பித் தராது. அச்சுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு குட்டைப் பாய்மரம் வையுங்கள். வீல்ஹவுஸுக்குப் பின்னால், மடக்கக்கூடிய அடித்தாங்கியில், நான்கைந்து மீட்டர் உயரம், நான்கு சதுர மீட்டர் தடிமனான பாய். வடகடலின் மோட்டார் மீன்பிடிப் படகுகள் வெகுகாலம் இப்படி ஒரு பாயைச் சுமந்தன. காற்று பக்கவாட்டில் இருந்தால் ஆட்டம் பாதியாகும். எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போடும்போது பின்னால் உள்ள பாய் அணியத்தைக் காற்றைப் பார்த்துப் பிடித்து வைக்கும். எஞ்சின் செத்தால், காற்று தள்ளும் திசையிலாவது இரண்டு நாட்டில் ஒரு துறைமுகம் சேரலாம். அதை ஏற்றி இறக்க அரை மணி நேரப் பயிற்சி போதும், பாய் ஓட்டத் தெரியாதவர் என்பது தடையல்ல.

மாற்றத்துக்கு முன்பே ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான நாளில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, விளிம்பை அழுத்தி அழுத்திப் படகை ஆட்டி, பத்து முழு ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று குறியுங்கள். பாய்மரத்தோடு ஒன்று, கழற்றியபின் ஒன்று, வீல்ஹவுஸ் ஏறியபின் ஒன்று. வீல்ஹவுஸ் ஏறியபின் ஆட்டம் கொஞ்சம் நிதானமானால் பயமில்லை. மிகவும் சோம்பலாகி, ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துவிட்டு எழுகிறது என்றால் மேலே எடை கூடிவிட்டது. சிறிய மீன்பிடிப் படகுகளின் நிலைத்தன்மையை இப்படித்தான் பல ஊர்களில் சோதிக்கிறார்கள். கால்குலேட்டர் தேவையில்லை.

சரி, வீல்ஹவுஸ். ஃபோக்போட்டின் விளிம்பு நீரிலிருந்து உயரமே இல்லை. அதன்மேல் நின்று ஓட்டும் அறையை அப்படியே தூக்கி வைத்தால் குருவி தலையில் பனங்காய். நிற்க 1.90 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கூரையை உயர்த்திப் பெறாதீர்கள், தரையை இறக்கிப் பெறுங்கள். எஞ்சினைப் பின்பக்கம், உட்காருமிடத்தின் அடியில் தள்ளினால், பழைய கேபினின் பின்சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தரையை அடிச்சட்டங்கள் வரை இறக்கலாம். அப்போது வீல்ஹவுஸ் மேல்தளத்திலிருந்து 1.20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் எழும். அகலம் 1.30 மீட்டர் வைத்தால் இரண்டு பக்கமும் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நடைபாதை மிஞ்சும். நங்கூரம் போட முன்னால் போக வேண்டுமே.

கட்டும் முன் அட்டைப்பெட்டிகளாலும் மெல்லிய சட்டங்களாலும் முழு அளவு மாதிரி செய்து படகில் நிறுத்துங்கள். உள்ளே நின்று பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், அணியத்தின் முனைக்கு அப்பால் நீர் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஜெட்டியின் மறுகோடிக்குப் போய் அங்கிருந்து பாருங்கள். பெரும்பாலும் பத்துச் சென்டிமீட்டர் குறைப்பீர்கள்.

எடையை 120 கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள். பக்கச் சுவர்களுக்கு 9 மில்லிமீட்டர் கடல்தர பிளைவுட் சதுர மீட்டருக்கு ஐந்து ஆறு கிலோ, கூரைக்கு ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு தாள் பசையிட்டு வளைத்தது, ஸ்ப்ரூஸ் மரச் சட்டங்கள். கண்ணாடிதான் கனம், 6 மில்லிமீட்டர் டெம்பர்ட் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. முன்பக்கம் மட்டும் கண்ணாடி போடுங்கள், வைப்பர் ஓடும் இடத்தில் அக்ரிலிக் ஒரு சீசனில் கீறி மங்கிவிடும். பக்கங்களுக்கு அக்ரிலிக் போதும். மூலைத்தூண்கள் மேல்தளத்தில் முடிந்துவிடக் கூடாது. தளத்தைத் துளைத்துக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தோடு போல்ட் ஆக வேண்டும், அலை பக்கவாட்டில் அறைந்தால் பெட்டி முழுதாகக் கழன்று போகாமல் இருக்க. ஆனால் பெட்டியின் அடியைத் தளத்தோடு எப்பாக்ஸி போட்டு ஒட்டிவிடாதீர்கள். உடல் நெளியும், பெட்டி நெளியாது, அந்த ஒட்டில் விரிசல் விட்டு மழைநீர் இறங்கும். ரப்பர் மாதிரி இருக்கும் சீலன்ட் மேல் உட்கார வைத்து போல்ட் போட்டால் கழற்றவும் முடியும்.

காற்று தள்ளுமே என்ற பயம் இருக்கும். பக்கவாட்டில் மூன்று சதுர மீட்டர் சுவரை வினாடிக்கு 20 மீட்டர் புயற்காற்று தள்ளினாலும், ஒரு டன் இரும்பு அடியில் இருக்கும்வரை படகு ஐந்தாறு பாகைக்கு மேல் சாயாது. இருபத்துநான்கு சதுர மீட்டர் பாயைத் தாங்கப் பிறந்த உடல் அது. துறைமுகத்தில் மெதுவாக ஓட்டும்போது அணியம் காற்றோடு போகும் என்பதே நடைமுறைத் தொல்லை. ஓர இழுப்பும் உண்டு. வலப்புறம் சுழலும் புரொபெல்லர் ரிவர்ஸில் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும். நீண்ட ஏராக்கட்டை உள்ள படகு ரிவர்ஸில் சுக்கானைக் கேட்காது. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்தையே ஜெட்டியில் அணைக்கப் பழகுங்கள்.

வீல்ஹவுஸின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்த பெட்டி ஓடும்போது அதன் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, பின்னால் வெளியேறும் புகையை உள்ளே இழுக்கும். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை. முன்கண்ணாடி ஒன்றாவது திறக்கும்படி செய்யுங்கள், காற்று முன்னாலிருந்து பின்னால் போகட்டும். ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள், உள்ளே சிறு அடுப்பும் வைக்கப்போகிறீர்கள் என்றால் கட்டாயம். புகைக்குழாய் பின்பலகையை அடையும் முன் மேலே ஒரு வளைவு ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலிருந்து வரும் அலை அதன் வழியே எஞ்சினுக்குள் நுழையும்.

ஸ்டியரிங் சக்கரத்துக்கு ஹைட்ராலிக் எல்லாம் வேண்டாம். சுக்கானின் கைப்பிடியிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு, கப்பிகள் வழியாக வீல்ஹவுஸ் சக்கரத்தின் உருளைக்கு. எங்கே தேய்கிறது என்று கண்ணாலேயே தெரியும். கைப்பிடியை அகற்றாமல் விட்டுவையுங்கள். வெயில் நாளில் நீங்களே பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்து ஓட்டுவீர்கள்.

இந்த மாற்றத்தை மனிதர்கள் முன்பும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்காண்டிநேவிய மீனவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாய்ப்படகில் முதலில் சிறு எஞ்சின் வைத்தார்கள், பாயும் கூடவே இருந்தது. பின்னால் பாய் சுருங்கியது. எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மறைவாக ஒரு கூண்டு கடைசியில்தான் வந்தது. அதற்குள் புதிய படகுகளின் உடலே பருத்து அகன்றிருந்தது. நம் பக்கம் 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கியபோதும் முதலில் உள்ளூர் வள்ளங்களில் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். உடல் ஒத்துவரவில்லை. எஞ்சினுக்கென்றே புதிய சிறு படகுகளை வரைய வேண்டியதாயிற்று.

அதனால்தான் ஒரு யோசனையை இங்கே சேர்க்கிறேன். டென்மார்க்கிலும் நார்வேயிலும் பிறக்கும்போதே எஞ்சினோடு பிறந்த சிறு மரப் படகுகள், இரண்டு முனையும் கூர்மையானவை, சிலவற்றில் வீல்ஹவுஸோடு, பழையதாக விற்பனைக்கு வருகின்றன. அகலமானவை, ஆழம் குறைவு. உங்கள் எஞ்சின், புரொபெல்லர், கண்ணாடி, பிளைவுட் செலவைக் கூட்டிப் பார்த்தால் அப்படி ஒன்றை வாங்குவது மலிவாகவே இருக்கும். ஃபோக்போட்டின் உடலும் இரும்பும் நல்ல நிலையில் இருந்தால் அதற்குப் புதுப் பாய்மரம் போட ஆசைப்படுகிறவர் ஒருவர் அந்தத் துறைமுகத்திலேயே இருப்பார். விசாரியுங்கள். யாருக்கும் வேண்டாம், இல்லாவிட்டால் அறுத்து விறகாக்கப் போகிறார்கள் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பாய்மரத்தின் அடித்தாங்கியையும் கம்பிகள் பிடிக்கும் பட்டைகளையும் மட்டும் பிடுங்காதீர்கள்.

சட்டப்படி: 2013/53 எண்ணுள்ள ஐரோப்பிய உல்லாசப் படகு விதி, உந்தும் முறையை மாற்றுவதைப் பெரிய மாற்றமாகப் பார்க்கிறது. மாற்றியபின் படகை மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டிவரலாம். வேலை தொடங்கும் முன்பே ஒரு சர்வேயரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள், முடித்தபின் காட்டினால் அவர்கள் கேட்பதைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். இனி நீங்கள் மோட்டார் படகு. பாயில் வருகிறவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். ஏழு மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் இரவில் வெள்ளை விளக்கு மட்டும் போதாது, சிவப்பு பச்சை பக்கவிளக்குகளும் வேண்டும். வெள்ளை விளக்கைக் குட்டைப் பாய்மரத்தின் உச்சியில் வைத்தால் உங்கள் கண்ணையும் கூசாது.

நீரில் இறக்கிய பின் முதல் பத்து மணி நேரம் ஓடியதும் எஞ்சின் கட்டை போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், தண்டு இணைப்பை மறுபடி அளந்து பாருங்கள். முழு த்ராட்டிலில் எஞ்சின் அதன் உச்சச் சுற்றை எட்டவில்லை என்றால் பிட்ச் அதிகம், சுலபமாகத் தாண்டிப் போகிறது என்றால் குறைவு. ஓர் அங்குலம் முன்பின் மாற்றிக் கொடுக்கப் புரொபெல்லர் கடைக்காரர் இருப்பார். வீல்ஹவுஸுக்கு முழுப் பெயின்ட் அடிப்பதை முதல் குளிர்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். எந்த மூலையில் மழை இறங்குகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.